சட்டைப் பையில் வந்த பால்

எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "பேட்டரிக்காரன் பெத்த பொண்ணுக்குத் தன் கையாலயே விஷத்தைக் குடுத்துட்டான்" என்று. என் காதுபட யாரும் பேசுவதில்லை, என் வாய்க்குப் பயம். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே தெருக்கோடியில் போகிற ஆளைத் திட்டக் கூடியவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைப் பாடுபட்டுத்தான் வாங்கினேன், அது இருக்கட்டும். அவர்கள் பேட்டரிக்காரன் என்று சொல்வது என் கூடப் பிறந்த தம்பியை. அவனைப் பற்றிப் பேச வேண்டியவள் நான். ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அது தெருவுக்குத் தெரியாது.

தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். பிறந்ததிலிருந்து வாயில்லாப்பூச்சி. பள்ளிக்கூடத்தில் எவனாவது பென்சிலைப் பிடுங்கிக்கொண்டால் அங்கே ஒரு வார்த்தை பேச மாட்டான், வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வான். நான் போய் அந்தப் பையனை ஒரு பிடி பிடித்துவிட்டுப் பென்சிலோடு திரும்புவேன். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. பத்தொன்பது வயதில் பேட்டரிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். பதினாலு வருஷம் அங்கேயே இருந்தான். அந்தப் பதினாலு வருஷத்தில் அவன் யாரையும் எதிர்த்துப் பேசியதாக எனக்குத் தெரிந்து இல்லை.

வண்டிகளுக்குப் போடுகிற பேட்டரி. அதன் உள்ளே ஈயத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அந்தத் தகடுகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறைத் தேய்த்து எடுத்து, வரிசையாக அடுக்கி வைப்பதுதான் தம்பியின் வேலை. தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத்தில் தூள் பறக்கும். மாவு மில்லில் வேலை செய்கிறவன் மாதிரிதான் வீட்டுக்கு வருவான், நிறம்தான் வேறு. புருவத்தில், காது மடிப்பில், சட்டைக் காலருக்குள், எங்கே பார்த்தாலும் தூள். முகமூடி மாதத்துக்கு ஒன்று கொடுப்பார்கள், அதுவும் துணியில் தைத்தது. அதைவிட நல்ல துணியை நான் மிச்சம் என்று குப்பையில் போட்டிருக்கிறேன். குளிப்பதற்கு எழுபது பேருக்கு இரண்டு குழாய். ஷிப்டு முடிந்த பத்தாவது நிமிஷம் கம்பெனி வண்டி கிளம்பிவிடும். குளித்துவிட்டு வருகிறேன் என்றால் ஒரு மணி நேரம் நடந்துதான் வர வேண்டும். அதனால் எல்லோரும் தூளோடு தூளாகவே வண்டியில் ஏறுவார்கள்.

ஆனால் பால் மட்டும் ஒரு நாள் தவறாமல் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட். "குடிச்சிடுங்கப்பா. உள்ள போன தூளையெல்லாம் பால் கழுவி எடுத்துட்டுப் போயிடும்" என்று சூப்பர்வைசர் சொல்வானாம். எழுபது ஆண்பிள்ளைகளும் அதை நம்பினார்கள். வீட்டில் இருந்த நாங்களும் நம்பினோம். பால் என்றால் நல்லது என்பதற்கு மேல் எங்களுக்கு என்ன தெரியும்?

அவனுக்குக் கல்யாணம் ஆகி, பெண் பிறந்தது. அவர்கள் மாடியில் இருந்தார்கள், நான் கீழே, தெருவைப் பார்த்த அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் வாயைக் கேட்டுவிட்டு எவன் வருவான் என்று நானே சிரித்துக்கொள்வேன். குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது ஒருநாள் தம்பி என் அறை வாசலில் நின்று அந்தப் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் குழந்தை, அதையே பார்த்துக்கொண்டு.

"ஏண்டா, கழுதை வயசாச்சு, உனக்கு என்னடா பால்? புள்ள வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கு, நீ உறிஞ்சுறே!" என்றேன்.

"தூளுக்காகக் குடுக்குறாங்கக்கா."

"இத்தனை வருஷமா உனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கே. நாளையிலேர்ந்து கொண்டுவந்து புள்ளைக்குக் குடு. பெத்த புள்ளைக்கு இல்லாத பாலா?"

அவன் சிரித்தான். மறுநாளிலிருந்து பாலைக் குடிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான். அப்போது எனக்கு எவ்வளவு பெருமை! நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

குழந்தைக்கு நான் வைத்த பெயர் வாயாடி. அப்பனின் ஊமைத்தனத்துக்கும் சேர்த்து அது பேசியது. மூன்று வயதில் என் மெஷினுக்குப் பக்கத்தில் குட்டி முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

"அத்தை, உன் மெஷின் ஏன் கத்துது?"

"எண்ணெய் போடலடி."

"அதுக்குப் பசிக்குது. வேலை மட்டும் வாங்குறே, சாப்பாடு போட மாட்டியா?"

சட்டை வாங்க வருகிறவர்களிடம் நான் "நேத்தே முடிச்சிருப்பேன், கரண்ட் இல்லை" என்று அளந்துகொண்டிருப்பேன். பின்னாலிருந்து குரல் வரும்: "கரண்ட் இருந்துச்சு. அத்தை தூங்கிட்டாங்க." என் பிழைப்பையே கெடுத்தது அது. ஆனாலும் அது இல்லாமல் ஒரு பொழுது எனக்கு ஓடாது.

கம்பெனி வண்டியின் ஹாரன் கேட்டால் போதும், செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடும். தம்பி இறங்கியதும் அவன் காலைக் கட்டிக்கொள்ளும். அவன் தூக்குவான். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பாக்கெட்டை எடுக்கும். கத்தரிக்கோல் தருகிறேன் என்றாலும் கேட்காது. ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிய்த்து, அவன் தோளில் இருந்தபடியே குடித்து முடிக்கும். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத அந்த மனுஷன் முகத்தில் அப்போது மட்டும் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே நான் மெஷினை நிறுத்துவேன்.

நாலு வயதுக்குப் பக்கத்தில் குழந்தை மாறத் தொடங்கியது. ஒரே நாளில் இல்லை. முதலில் வயிற்று வலி என்று சுருண்டு படுக்கும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். பிறகு சாப்பாட்டைக் கண்டால் அழுகை. தொட்டதற்கெல்லாம் கோபம், தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க அண்ணி" என்று தம்பி மனைவி என்னைக் குறை சொன்னாள். "உன் வளர்ப்புடி" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேரும் அப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் குழந்தையின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நீளமாகப் பேசிய குழந்தை இரண்டு வார்த்தையில் நிறுத்தியது. அப்புறம் ஒரு வார்த்தை. பால் பாக்கெட்டை மட்டும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு எதுவும் உள்ளே போகவில்லையே, இதாவது போகிறதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

நாலரை வயதில் ஒரு காலைப் பொழுது, என் அறையில், துணி வெட்டின குப்பைக்கு நடுவில் விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. வாயில் நுரை. தம்பி ஷிப்டில் இருந்தான். நானும் அவன் மனைவியும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த வழி முழுக்க நான் குழந்தையின் காதில் கத்திக்கொண்டே போனேன். "பேசுடி, ஏதாவது பேசுடி, என்னைத் திட்டுடி" என்று.

குழந்தைகள் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். வலிப்பை அடக்கிய பிறகு எங்களிடம் ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

"அப்பா என்ன வேலை பாக்குறார்?"

"பேட்டரி கம்பெனி" என்றாள் தம்பி மனைவி.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் குழந்தையின் ரத்தத்தை வேறு ஒரு சோதனைக்கு அனுப்பச் சொன்னாள். மறுநாள் முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம். குழந்தையின் உடம்பில் அது இருக்கவே கூடாதாம். ஐந்து என்றாலே கவலைப்பட வேண்டுமாம். எங்கள் வாயாடிக்கு அறுபத்தொன்று.

தம்பி மனைவி குழந்தையின் கையைப் பிடித்தபடி கட்டிலை விட்டு அசையவில்லை. மருந்துச் சீட்டை வாங்க நான்தான் டாக்டரின் அறைக்குப் போனேன்.

"நீங்க அவருக்கு அக்காதானே?" என்று கேட்டுவிட்டு டாக்டர் சொன்னாள்: "ரத்தத்துல இருக்கிற ஈயத்தை மருந்து குடுத்து வெளிய எடுத்துடலாம். எலும்புல போய் உட்கார்ந்திருக்கிறது கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும், வருஷக்கணக்காகும். ஆனா மூளைல அது ஏற்கெனவே பண்ணின சேதத்துக்கு மருந்து இல்லை. சொல்லிக்குடுத்தா கொஞ்சம் முன்னேறலாம். பழையபடி ஆயிடுவாள்னு நான் சொல்ல முடியாது. இதை அப்பா அம்மாகிட்ட நான் சொல்லணும்."

"நானே சொல்லிக்கிறேன் டாக்டர்" என்றேன். "என் தம்பிக்கு எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

டாக்டர் என்னை நம்பிவிட்டாள். சாயந்திரம் தம்பி ஓடி வந்தான். கம்பெனிச் சட்டையோடு. வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பாப்பாவுக்குப் பேச்சு திரும்ப வந்துடுமா?" என்றான். ஊரையே வாயால் அடிக்கிற நான், அவன் முகத்தைப் பார்த்தேன். "மருந்து இருக்குடா. ரத்தம் சுத்தமானா எல்லாம் சரியாயிடும்" என்றேன். பாவி, அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தாள். ஈயம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்.

"வேலை முடிஞ்சு வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"பாப்பாவைத் தூக்குவேன்" என்றான் தம்பி.

"குளிக்கிறதுக்கு முன்னாடியா?"

"ஆமாங்க. ஓடி வந்துடும், எங்க விடும்? அப்புறம் பால் குடுப்பேன்."

"என்ன பால்?"

அவன் விவரமாகச் சொன்னான். எல்லாம் ஒளிவு மறைவு இல்லாமல், கொஞ்சம் பெருமையாகக்கூட. பால் பெட்டி தகடு தேய்க்கிற மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும். தான் மட்டும் குடிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வீட்டுக்கு வரும்வரை பையில் இருக்கும். "பாப்பா ஓரத்தைப் பல்லால கடிச்சுப் பிச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தான். விரலை உள்ளே விட்டு எடுத்தான். விரல் நுனியெல்லாம் சாம்பல்.

"எத்தனை நாளா குடுக்குறீங்க?" என்றாள் டாக்டர்.

"ரெண்டரை வருஷமா."

"பால் ஈயத்தைக் கழுவாதுங்க. அப்படிச் சொன்னது யாரு?"

"சூப்பர்வைசருங்க."

"வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னது?"

தம்பி மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லலீங்க. எனக்கா தோணிச்சு" என்றான்.

அவன் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு தம்பி மனைவி அவனோடு தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் கீழே உட்கார்ந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பி கம்பெனிக்குப் போய்க் கேட்டிருக்கிறான். சூப்பர்வைசர் என்ன சொன்னான் தெரியுமா? "உனக்குக் குடுத்த பாலை நீ குடிச்சிருக்கணும். புள்ளைக்குக் குடுத்தா கம்பெனி என்ன பண்ணும்?" என்றானாம். அதைக் கேட்டுவிட்டு நான் போனேன். கம்பெனி வாசலுக்கு வெளியே நின்று என் தொண்டைத் தண்ணீர் வற்றும்வரை கத்தினேன். "நல்ல முகமூடி குடுக்க வக்கில்லை, குளிக்க நாலு குழாய் போட வக்கில்லை, பாலாம் பாலு! அதுதானேடா உங்களுக்குச் சல்லிசு!" என்று. காவல்காரன் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அவ்வளவுதான் நடந்தது. யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி அந்த வேலையை விட்டான். பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். அவன் ரத்தத்திலும் ஐம்பத்தெட்டு இருந்தது; அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பழைய சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி ஆஸ்பத்திரியில் சொன்ன இடத்தில் போட்டான். வீட்டை ஈரத்துணியால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைத்தான். பாயை மாற்றினான், என் அறையில் இருந்த குட்டி முக்காலியைக்கூடத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

மருந்து மாத்திரை, உறையைப் பிரித்தாலே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த மாத்திரையை வாயில் போட வைக்க அவன் படாத பாடு படுவான். ஒவ்வொரு முறையும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து ஈயம் எத்தனை என்ற எண்ணை மட்டும் என்னிடம் சொல்லுவான். "இருபத்தெட்டு ஆயிடுச்சுக்கா!" அடுத்த முறை முப்பத்தொன்பது. எலும்பில் இருந்தது ரத்தத்துக்கு இறங்குகிறதாம். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தான். பிறகு மறுபடி மருந்து, மறுபடி ரத்தம். முப்பது. இருபத்திரண்டு. பதினாறு. இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. எண் இறங்க இறங்க அவன் குழந்தைக்குப் புத்தகம் வாங்கி வந்தான், பாட்டுப் போட்டுக் காட்டினான், சாயந்திரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து "இது என்னம்மா? பூனை. சொல்லு, பூனை" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். வாயில்லாப்பூச்சி பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டான். குழந்தை சிரிக்கும். பத்துத் தடவைக்கு ஒரு தடவை "பூனை" என்னும். மறுநாள் மறந்துவிடும்.

"இன்னும் ஒன்பது இருக்குல்ல, அதான்" என்பான். "அது இறங்கிட்டா பாரு, உன் தையல் கடை பக்கம் ஒருத்தனையும் நிக்க விட மாட்டா."

நானும் தலையை ஆட்டினேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொள்வேன்.

ஒருவழியாக எண் நாலுக்கு வந்தது. குழந்தைக்கு ஏழு வயது ஆகப்போகிறது. தம்பி அவளுக்குப் புதுச் சட்டை தைக்கச் சொன்னான். தைத்துக் கொடுத்தேன், காலரில் பூ வைத்து. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்குச் சேர்க்க அழைத்துக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன்.

தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் காட்டினாள், பெயர் கேட்டாள், சிவப்பு எது மஞ்சள் எது என்று கேட்டாள். எங்கள் குழந்தை அந்த அம்மாளின் வளையலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. தம்பி சட்டென்று எழுந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேஜையில் வைத்தான். "ரத்தம் சுத்தமாயிடுச்சுங்க டீச்சர். பாருங்க, நாலு. இதுலயே போட்டிருக்கு" என்றான். அந்த அம்மாள் அதைப் படித்தாள். "இவளுக்குன்னு தனியா சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு, நான் எழுதித் தர்றேன்" என்றாள். அவன் காகிதத்தை மறுபடி மறுபடி அவள் பக்கம் நகர்த்தினான். "நாலுதாங்க இருக்கு" என்றான். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை மாடிக்கு அனுப்பிவிட்டு என் அறையில் வந்து நின்றான்.

"அக்கா, அன்னைக்கு டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவன் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"ரெண்டு வருஷம் ஏன்க்கா சொல்லலை?"

"உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலடா."

அவன் என்னை அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மாடியில் குழந்தைக்குக் கேட்கக் கூடாதாம். என் தம்பி அழுது நான் பார்த்தது எங்கள் அப்பா செத்தபோதுதான். அதற்குப் பிறகு இப்போது.

அன்றைக்கே நான் மாடிக்கு ஏறினேன். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பாலைக் கொண்டு வரச் சொன்னது அவன் இல்லை. நான்தான். அவன் என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னான். என்னைத் திட்டு, அவன்கிட்ட பேசு" என்றேன்.

அவள் துணியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் அண்ணி. அன்னைக்குப் 'புள்ளைக்குக் குடு'ன்னு நீங்க கீழ கத்துனது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. நல்லதாப் போச்சுன்னு நானும் நினைச்சேன். அவர் மறந்த நாள்ல 'பால் எங்கே'ன்னு கேட்டு வாங்கினது நான்தான்" என்றாள். "அவர்மேல எனக்கு என்ன கோவம்? வாயைத் திறந்தா இதைச் சொல்ல வேண்டி வருமேன்னுதான் பேசாம இருந்தேன்."

நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வெகு நேரம் அழுதோம். அவ்வளவு சண்டை போட்டவர்கள்.

நாலு நாள் தம்பி வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் மதியம், அவன் குழந்தைக்கு அந்தப் பூ வைத்த சட்டையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். எங்கே என்று கேட்டேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தான். மனசு உடைந்தவன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். அவன் நேராகப் பேட்டரிக் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றான்.

மதிய ஷிப்டு விட்டது. சாம்பல் பூசிய ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். பாதிப் பேர் தம்பியோடு வேலை பார்த்தவர்கள். அவன் அவர்களை மறித்து நின்றான். எவனிடமும் எதிர்த்துப் பேசாதவன், இப்போது குரலை உயர்த்திப் பேசினான். எனக்கே அது அவன் குரலா என்று இருந்தது.

"அந்தப் பாலை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. குளிக்காம புள்ளையைத் தூக்காதீங்க. நான் தூக்கினேன், நான் குடுத்தேன், பாருங்க என் பொண்ணை."

கொஞ்சம் பேர் நின்றார்கள். கொஞ்சம் பேர் வண்டியைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கினார்கள். ஒருவன், சின்ன வயசுக்காரன், சட்டைப் பை புடைத்திருந்தது, "எங்க வீட்டுல நல்லாத்தான் இருக்குண்ணே. உங்க பொண்ணுக்குப் பொறந்ததுலேர்ந்தே இப்படித்தானோ என்னவோ" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல் இருந்தது.

தம்பி போனை எடுத்தான். பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, அந்த ஆளின் முகத்துக்கு நேரே பிடித்தான். சத்தத்தை முழுக்க வைத்தான். அப்படி ஒன்று அவனிடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. வீட்டில் ஒரு நாளும் அவன் அதைப் போட்டதில்லை.

"ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?" என்றது போனுக்குள்ளிருந்து ஒரு குரல். கீச்சென்று, மூச்சு விடாமல். "வண்டி லேட்டா? யாரு அந்த டிரைவரு? நாளைக்கு என்கிட்ட கூட்டிட்டு வா, நான் கேக்குறேன். எங்க அப்பாவுக்குப் பசிக்காதா, எங்க அப்பாவுக்குக் கால் வலிக்காதான்னு கேக்குறேன். நீ பேசாதே, உனக்குப் பேசத் தெரியாது, நான் பேசிக்கிறேன்."

ஒதுங்கிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். "இது இவதான். மூணு வயசுல" என்றான் தம்பி. கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது, ஒருவரும் போய் ஏறவில்லை. அந்தச் சின்ன வயசுக்காரன் குழந்தையையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குழந்தை அப்பன் கையைப் பிடித்து இழுத்தது. அவன் குனிந்தான். அது போனைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. உள்ளே அந்தக் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு... பாப்பா?" என்று கேட்டது.

தம்பி அவள் காலரில் இருந்த பூவைச் சரிசெய்தான்.

"நல்லா... பேசுது" என்றது குழந்தை.

"ஆமாம்மா" என்றான் அவன். "ரொம்ப நல்லாப் பேசும்."